புத்தகத்துப் புல்லும் பத்தனைப் புல்லும்

புல்லுக்குக் கிளாக்கராக இருப்பவனை மாடு மதிப்பதில்லை. மாட்டுக்காரர்கள் மதிப்பதுபோலக் காட்டிக்கொள்வார்கள். ஐம்பதுகளில் நான் அந்தக் குமாஸ்தா வேலையில் இருந்தேன். லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் உச்சியில், பத்தனை என்று எல்லாரும் சொல்லும் மலைப் புல்வெளியில், புதிதாக வந்த தொரை ஒரு மாட்டுப் பண்ணை தொடங்கினார். சீமையிலிருந்து பசுக்கள் வந்தன. கூடவே, குளிர்நாட்டுப் புல்வெளிகளைப் பற்றிய தடித்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்றும் வந்தது. தோட்டத்துத் தொரைமார் எழுத வேண்டிய தமிழ்ப் பரீட்சையை அவர் இன்னும் எழுதவில்லை. ஆகவே புத்தகம் சொல்வதை மாட்டுக்காரர்களுக்குத் தமிழிலும், அவர்கள் சொல்வதைத் தொரைக்கு இங்கிலீஷிலும் எடுத்துச் சொல்வது என் வேலை. அச்சில் வந்ததையெல்லாம் நம்பி அடிபட்ட அன்பர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மரம் இல்லாத காரணம்

மாட்டுக்காரர்களில் மூத்தவர் வீரமுத்து. அவர் மனைவி அங்கம்மா புல் அறுப்பவள். ஐப்பசி மழையில் ஒரு நாள் இருவரையும் கொட்டிலில் நிற்கவைத்து முதல் அத்தியாயத்தை விளக்கினேன். வட அமெரிக்காவிலும் ருஷ்யாவிலும் கண்ணுக்கெட்டிய தூரம் புல்தான். கோடையில் வெயில் கொளுத்தும், குளிர்காலத்தில் பனி மூடும். அங்கே பெய்கிற மழை புல்லுக்குப் போதும், மரத்துக்குப் போதாது. ஆகவேதான் அது புல்வெளி என்றேன். அந்த 'ஆகவே'யை இரண்டு தரம் அழுத்திச் சொன்னேன்.

வீரமுத்து தலையில் போட்டிருந்த சாக்கை எடுத்துப் பிழிந்தார். பத்து நாளாக விடாத மழை. வெளியே பத்தனையில் பேருக்கு ஒரு மரம் கிடையாது. அவர் மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "அந்தப் புத்தகம் நனைஞ்சதே இல்லீங்களா, கிளாக்கரய்யா?"

வெள்ளைப் புல்

தை மாதம் ஒரு காலையில் பத்தனை முழுக்க உறைபனி. வெயில் ஏறியதும் புல் வெந்நீர் ஊற்றியதுபோலக் கருகிவிட்டது. தொரை பதறிப்போனார். வீரமுத்து குந்தி உட்கார்ந்து ஒரு புல் தூரைத் தோண்டிக் காட்டி, "மேலதான் கருகியிருக்கு. வேரு உசிரோட இருக்குங்க, மறுபடி தழைக்கும்" என்றார். அதை நான் உடனே இங்கிலீஷில் சொல்லவில்லை. புத்தகத்தில் சரிபார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன்.

மாலையில் அந்தப் பக்கம் அகப்பட்டது. குளிர்நாட்டுப் புல்லின் உயிர் மண்ணுக்கு மேலே இருப்பதைவிடக் கீழேதான் அதிகம் என்று எழுதியிருந்தது. தொரையிடம் வாசித்துக் காட்டினேன். என் தோளில் தட்டினார். கொட்டில் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த வீரமுத்து, அதில் என்ன இருந்தது என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு சிரித்தார்: "நானும் புத்தகமும் ஒண்ணையே சொன்னா, சலாம் புத்தகத்துக்குத்தானுங்களே?"

காட்டெருமைக் கூட்டம்

மிருகங்கள் அத்தியாயத்துக்கு நல்ல வரவேற்பு. அமெரிக்கப் புல்வெளியில் பொந்து தோண்டிக் கூட்டமாக வாழும் ஒரு பிராணி உண்டு. பேர் நாய், ஆனால் அணில் சாதி என்று திருத்தமாகச் சொன்னேன். ஒன்று பொந்து வாசலில் நிமிர்ந்து நின்று காவல் பார்க்கும். ஆபத்து வந்தால் கத்திவிட்டு உள்ளே ஓடிவிடும் என்றேன். "நம்ம கண்டாக்கையா சாதியா இருக்கும்" என்றாள் அங்கம்மா. மலையில் எங்களை மேய்க்கும் அதிகாரி அவர். நான் சிரிக்காமல் பக்கத்தைப் புரட்டினேன்.

அடுத்து காட்டெருமை. ஒரு காலத்தில் நிலம் அதிர ஓடிய மந்தைகள். வெள்ளைக்காரர்கள் வந்து ஏறக்குறைய எல்லாவற்றையும் சுட்டுத் தள்ளிவிட்டார்கள் என்றேன். அங்கம்மா தொரை பங்களாவின் பக்கம் பார்த்தாள். அங்கே சுவர் நிறைய மரைமான் தலைகள், கொம்போடு மாட்டியிருக்கும். "அம்புட்டையும் மாட்ட அங்கன சுவரு பத்தியிருக்காதே!" என்றாள்.

ஜூன்

புல் பூக்கும் சமயம், ஜூனில் அறுத்து, வெயிலில் காயவைத்து, போராகக் குவிக்க வேண்டும் என்றது புத்தகம். நான் சிவப்புப் பென்சிலால் கோடிட்டுத் தொரைக்குக் காட்டியிருந்தேன். ஜூன் முதல் வாரம் பளிச்சென்று வெயில் அடித்த ஒரு காலையில் தொரை எங்களைக் கூப்பிட்டார். வீரமுத்து கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார்: "வேணாமுங்க தொரை. இது பொய் வெயிலு. நாலு நாள்ல காத்தும் மழையும் எறங்கிரும். புல்லு காயாது, புழுங்கிப்போகும். மாசியில அறுப்போமுங்க." தொரை என்னைப் பார்த்தார். என் சிவப்புக் கோடு என் கண்முன் நின்றது. "செய்துவிடலாம் என்கிறார்" என்று இங்கிலீஷில் சொன்னேன்.

அறுத்தார்கள். ஐந்தாம் நாள் மழை பிடித்தது. போர் உள்ளுக்குள் சூடேறி, ஆவி விட்டு, பூஞ்சணம் பிடித்தது. அதையே போடச் சொன்னார் தொரை; சீமைப் பசுக்களில் இரண்டு செத்தன. "இத்தனை வருஷம் பத்தனையில் இருந்தவன் ஒரு வார்த்தை எச்சரிக்கவில்லையே!" என்று தொரை வீரமுத்துவைப் பார்த்துக் கத்தினார். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன், தமிழில். என்ன சொல்கிறார் என்று வீரமுத்து கேட்டதற்கு, "மாடு போனதற்கு வருத்தப்படுகிறார்" என்றேன். அவர் தலையசைத்தார்: "நல்ல மனுசன்தாங்க. நான் சொன்னதைக் கொஞ்சம் கேட்டிருக்கலாம்."

பத்துச்சீட்டு

வேலையிலிருந்து நிறுத்தும் கடிதத்துக்கு எங்களிடம் பத்துச்சீட்டு என்று பேர். வேலை போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போய்விடும். வீரமுத்துவின் பத்துச்சீட்டை டைப் அடித்தவன் நான். அது இங்கிலீஷில் இருந்ததால் அவர்களுக்கு வாசித்துச் சொல்ல வேண்டியவனும் நானே. இந்த முறை ஒரு சொல்லையும் மாற்றவில்லை. 'முன்கூட்டி எச்சரிக்கத் தவறியதால்' என்ற இடத்தில் குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியது.

வீரமுத்து வலப்பனைப் பக்கம் காய்கறித் தோட்டத்தில் இருக்கும் மச்சானிடம் போவதற்காகச் சாமான்களை முன்பே கயிற்றால் கட்ட ஆரம்பித்திருந்தார், முடிச்சை இறுக்கினார். அங்கம்மாதான் கேட்டாள். கோபமாகக்கூட இல்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல: "அன்னைக்கு இவரு சொன்னதுல எந்த வார்த்தைக்குங்க இங்கிலீசு இல்லாமப் போச்சு?"

அந்தப் புத்தகத்தை அதற்குப் பிறகு இரண்டு முறை முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டேன். அதில் ஒரு பிழைகூட இல்லை.