ஒரு நூல் போதும்

கடைக்கு வந்த துணியின் ஓரத்தில் ஒரு நூலை உருவி, நெருப்புக் குச்சியைக் கிழித்துப் பற்றவைத்து, மூக்கருகே கொண்டுபோகிறார் றிஸ்வி. சாம்பல் பொடியாக உதிர்ந்தால் பருத்தி. உருகிக் கட்டிதட்டினால் முகத்தைச் சுளிப்பார். "துணிக்கட்டப் பிரிக்கத் தேவல்ல. ஒரு நூல் போதும், எல்லாத்தையும் சொல்லிரும்." காத்தான்குடியில் அவர் மூக்கை ஏய்த்த வியாபாரி இன்னும் பிறக்கவில்லை.

இடுப்பில் சாரத்தை இடப்பக்கமாகத்தான் முடிவார். வலது அடிவயிற்றில் தங்கை சபீனா கொடுத்த சிறுநீரகம் இருக்கிறது. யாராவது அந்தப் பக்கம் உரசிக்கொண்டு போனால், "மெதுவா, சபீனா இரிக்கா" என்பார். சிரிப்பதா விலகுவதா என்று புதிய வாடிக்கையாளர்கள் திண்டாடுவார்கள்.

போன மாதம் இரத்தப் பரிசோதனை சரியாக வரவில்லை. உடம்பு அந்தச் சிறுநீரகத்தை ஏற்க மறுக்கிறதா என்று பார்க்க, ஊசியால் சிறு துண்டு எடுக்கவேண்டும் என்றார் டொக்டர். ஆள் பயந்துபோனார். ஊசிக்குப் பயமில்லை, பாவம். தங்கையின் முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான். கொழும்புக்குச் சரக்கெடுக்கப் போவதாக அவளிடம் சொல்லிவிட்டு, கல்லடிப் பாலத்தைத் தாண்டி, மாதாமாதம் போகும் அதே ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

மரத்துப்போக மருந்து போட்டு, ஸ்கேன் திரையைப் பார்த்தபடியே டொக்டர் ஊசியைச் செலுத்தினார். 'டக்' என்றொரு சத்தம். அவ்வளவுதான்.

"எடுத்தத ஒருக்காக் காட்டுங்களன்" என்று பிடிவாதம் பிடித்தார் மனிதர். சின்னக் குப்பியில் வெளிறிய நூல் ஒன்று மிதந்தது.

"இவ்வளவுதானா? இதுல முழுக்கத் தெரியுமா டொக்டர்?"

"ஓம், தெரியும். முடிவு வர ரெண்டு மூண்டு நாளாகும்."

வாழ்நாளில் முதல்முறையாக ஒரு நூலைக் கண்டு பயந்தார் றிஸ்வி.

இரத்தம் கசியாதிருக்க, அசையாமல் மல்லாந்து கிடக்கச் சொல்லியிருந்தார்கள். அப்படிக் கிடக்கையில் சபீனா வந்து நின்றாள்.

"சரக்கெடுக்கப் போறவர் நெருப்புப் பெட்டிய மேசையில வெச்சிட்டா போவீங்க, காக்கா?"

அண்ணன் முகட்டைப் பார்த்தார். "நீ தந்தத நான் கெடுத்திட்டனோ எண்டு..."

"தந்தத விசாரிக்க வரல்ல. ஒங்களப் பாக்க வந்தன்."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். முக்காட்டின் நுனி அவர் கையருகே விழுந்தது. அதில் ஒரு நூல் பிரிந்து நின்றது. பழகிய விரல்கள் சட்டென்று அதைப் பிடித்தன. உருவவில்லை. மெல்ல மடித்து, தையலுக்குள்ளேயே செருகிவிட்டன.