இடுப்பெலும்பில் ஒரு துளை

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியின் மாவுக்கட்டு அறையில் சாராள் பதினாறு வருடமாக ஆயா. சதுரங்கப்பட்டினத்தில் படகு தள்ளும்போது கால் முறிந்தவர், பனையிலிருந்து விழுந்தவர் என்று எத்தனையோ பேருக்கு அவள் கட்டுப் போட்டிருக்கிறாள், வெட்டி எடுத்திருக்கிறாள். கேஸ் தாளில் மட்டும் டாக்டர் பெயர்தான் இருக்கும்.

1974 கோடையில் வலது மணிக்கட்டு முறிந்து வந்தார் சிவப்பிரகாசம். சென்னைக் கல்லூரி ஒன்றில் ஜியாலஜி பேராசிரியர்; வீடு செங்கல்பட்டில்தான். கோதாவரிப் பக்கம் எலும்பு தோண்டப் போன இடத்தில் பள்ளத்தில் சறுக்கி விழுந்திருந்தார்.

"கொண்டாந்த எலும்பெல்லாம் வீட்ல மாவுக்கட்டோட கெடக்கு. பிரிக்கக் கை இல்ல" என்று வருத்தப்பட்டார்.

"செத்த எலும்புக்கு இன்னாத்துக்கு சார் மாவுக்கட்டு?"

"இல்லேன்னா வழியிலேயே நொறுங்கிடும்மா. இருபது கோடி வருஷத்துக்கும் முந்தி வாழ்ந்த பல்லி மாதிரி மிருகங்க."

"கட்டு வெட்றது என் வேலதான சார். நான் வந்து வெட்டித் தரேன்."

டியூட்டி முடிந்ததும் ஏரிக்கரையிலிருந்த அவர் வீட்டுக்குப் போவாள். கட்டை அறுத்து, பழைய பல் பிரஷ்ஷால் செம்மண்ணை மெல்ல மெல்லத் தேய்த்து எடுப்பாள். இரண்டாம் வாரம் உள்ளங்கை அகல எலும்பு ஒன்று வந்தது. இடுப்பெலும்பு என்று பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தொடை வந்து பொருந்தும் குழியிலிருந்த மண்ணைக் கழுவினாள். குழிக்கு அடியே இல்லை. அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது.

பேராசிரியர் எட்டிப் பார்த்தார். முகம் சுருங்கிப் போனது.

"குத்தி ஓட்ட போட்டுட்டியா?"

இத்தனை நாள் 'நீங்க' என்று பேசியவர். அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் எழுந்து போகவில்லை.

"ஒடஞ்ச எலும்பு ஓரம் சொரசொரன்னு கீறும் சார். இத்த தொட்டுப் பாருங்க. வழுவழுன்னு கீது. தானா வளந்த ஓரம் இது."

இடது கை விரலால் தடவிப் பார்த்தார். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தக் காலத்து மத்த பல்லிங்களுக்கு இந்தக் குழி மூடின கிண்ணமா இருக்கும்மா. அதுங்க காலைப் பரப்பி நடக்கும். டைனோசருக்குத்தான் இப்படித் தொறந்திருக்கும், கால் ஒடம்புக்கு நேர் கீழ நிக்கும். நாய் அளவு இருந்திருக்கும் இது. அந்த வம்சத்துல ரொம்ப முந்தினது." பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "அவசரப்பட்டுப் பேசிட்டேன். மன்னிச்சுக்குங்க."

ஆஸ்பத்திரியில் யாரும் அவளிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. "தண்ணி கலங்கிப்போச்சு, மாத்திக்கினு வரேன்" என்று எழுந்து கொல்லைக்குப் போனாள்.

அடுத்த தை மாதம் கோதாவரிக்குக் கூட வரச் சொல்லி அவர் கூப்பிட்டார். லீவு கேட்கப் போனபோது கிளார்க் காரணம் கேட்டார்.

"டைனோசருக்கு மாவுக்கட்டுப் போட."

அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, 'உடல்நலக் குறைவு' என்று எழுதினார் கிளார்க். அவள் மறுக்கவில்லை. தகரப் பெட்டியில் இரண்டு சேலையும் கட்டு அறுக்கும் தன் ரம்பத்தையும் வைத்துக்கொண்டு, அந்த வாரமே ரயில் ஏறினாள்.