கடைமடைக்காரர்கள் பார்த்த எலிவால் அருவி

ஆவணி கடைசி ஞாயிறு. அக்கா மகள் கயலுக்கு எட்டு வயது. அருவியைப் பாடப் புத்தகத்தில் மட்டுமே பார்த்தவள். எங்கள் பக்கம் தரை அவ்வளவு சமம். அதனால் கிளம்பினோம். அவள் அப்பாவை, என் அத்தானையும் இழுத்து வந்தேன். வீட்டில் இருந்தால் வயலைப் பார்த்துக்கொண்டே நிற்பார்.

வயல் நடுவே புறவழிச்சாலைக்கு அளவுக்கல் நட்டிருக்கிறார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் வந்து பார்த்துப் போனார்கள். கல் அங்கேயே இருக்கிறது. இந்த வருடம் சம்பா போடுவதா, தரிசாக விடுவதா? அத்தான் முடிவு சொல்லாமல் பத்து நாளாகிறது.

நீடாமங்கலத்திலிருந்து தஞ்சாவூர், திருச்சி, திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் மலைப்பாதை. ஏறக்குறைய 240 கி.மீ. காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு, பதினொன்றுக்கு, எலிவால் அருவி தெரியும் டம் டம் பாறை. வாடகைக் கார். ஓட்டியவர் எங்கள் ஊர் ரஹீம் அண்ணன். கொண்டை ஊசி வளைவுகளில் கயல் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். எனக்கும் தலை சுற்றியது.

பள்ளத்தாக்குக்கு அப்பால், வெகு தூரத்தில், ஒரு வெள்ளை நூல். அவ்வளவுதான். தமிழ்நாட்டிலேயே உயரமான அருவி.

"மாமா, மதகு ஷட்டர முழுசா தொறக்கலையா?" என்றாள் கயல்.

ரஹீம் அண்ணன் சிரித்தார். "தொறந்து மூட அங்க லஸ்கரு யாரும் கெடையாது பாப்பா. அது பாட்டுக்கு வருது."

"இது எங்க போய்ப் பாயுது?" அத்தான் கேட்டார். காலையிலிருந்து அவர் பேசிய முதல் வாக்கியம்.

"மஞ்சளாறு. வைகைப் பக்கம் போவுது. நமக்கில்ல" என்றார் ரஹீம் அண்ணன்.

"ம்."

குழந்தைகளிடம் 297 மீட்டர் என்று சொல்லிப் பயனில்லை. பெரிய கோயில் விமானத்தை ஒன்றின்மேல் ஒன்றாக நான்கு அடுக்கி, மேலே இன்னொரு பாதி வைக்கச் சொன்னேன். கயல் கண்ணை மூடி அடுக்கினாள்.

"அவ்ளோ ஒசரத்துலேர்ந்து ஏன் குதிக்குது?"

"குதிக்கல. வாய்க்கால்ல வர்ற மாதிரிதான் வருது. கீழ இருந்த பாறை முடிஞ்சு போச்சு. அதான் விழுது" என்றேன்.

"நம்ம வயலும் அந்தக் கல்லோட முடிஞ்சிடுமாப்பா?"

அத்தானைப் பார்த்துக் கேட்டாள். மூடுபனி ஏறி அருவியை மறைத்தது. அத்தான் கைபேசியை எடுத்து அக்காவை அழைத்தார்.

"சம்பா விதைய ஊறப் போட்டுடு."

அக்கா குரல் எங்களுக்கும் கேட்டது. "நல்லா யோசிச்சீங்களா? ஊறிட்டா திரும்ப மூட்டை கட்ட முடியாதுங்க. மொளை விட்டுடும். தெளிச்சே ஆவணும்."

"தெரியும். போடு."

"நட்டப்புறம் ரோடு போட மிஷின் வந்தா?" ரஹீம் அண்ணன் மெதுவாகக் கேட்டார்.

"பயிரு மேல ஏறி வரட்டும். வெறுந்தரைன்னா வந்ததே யாருக்கும் தெரியாது."

போக நினைப்பவர்களுக்கு: மூடுபனி எப்போது வேண்டுமானாலும் மூடும். முற்பகலில் போங்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு நூல் கொஞ்சம் தடிக்கும் என்கிறார்கள். அருகே போகச் சுலபமான வழி இல்லை. குளிக்கலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லி அழைத்துப் போகாதீர்கள். வாந்திக்குப் பை, மாற்றுத்துணி எடுத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு தூரம் இதற்காகவா என்று கேட்டால், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. களைப்புதான் நிச்சயம்.

ஊர் திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. அத்தான் வீட்டுக்குள் போகவில்லை. நேரே குளத்துக்கு இறங்கினார். படித்துறையோரம் விதை மூட்டை மூழ்கிக் கிடந்தது. காலால் அழுத்திப் பார்த்தார். நீர்க்குமிழிகள் வந்தன.