பவளக்காலி நின்ற மேடு

ஆறேழு வருஷம் இருக்கும். பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை, பள்ளிக்கு விடுமுறை. சின்னசேலத்தில் அறிவியல் டீச்சராக இருக்கும் எனக்குப் பறவை பார்க்கிற பைத்தியம் பிடித்திருந்த நேரம். விடிந்ததும் பனியோடு பனியாக, கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் நைனார்பாளையம் பக்கத்து ஏரி ஒன்றுக்குப் போனேன்.

நடு ஏரியில் வாத்துகள் கூட்டமாக மிதந்தன. நான் அவற்றைக் கண்டுகொள்ளவில்லை. தண்ணீர் வந்து முடிகிற ஓரத்தில், தனியாக ஒரு பவளக்காலி நின்றுகொண்டிருந்தது. கடற்கரைப் பக்கம் அதிகம் தங்கும் பறவை அது. நம்ம ஏரியில் அதற்கு என்ன வேலை! அதன் சிவப்புக் கால்கள் பாதிக்கு மேல் வெளியே தெரிந்தன. அந்தக் குட்டிப் பறவைக்கே இவ்வளவுதான் ஆழம் என்றால் எனக்கு என்ன பயம் என்று செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன்.

"யம்மா, அந்தப் பக்கம் போவாதீங்க" என்று கரையில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் குரல் கொடுத்தார். எனக்கோ எரிச்சல், பறவை பறந்துவிடுமே என்று. திரும்பிப் பார்த்து, உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்டுகிற அதே மாதிரி. அவர் மறுபடி புல் அறுக்கக் குனிந்துவிட்டார்.

பத்தடிகூடப் போயிருக்க மாட்டேன். கேமராவில் கண்ணை வைத்தபடி எடுத்து வைத்த அடுத்த அடிக்குத் தரையே இல்லை. குப்புற விழுந்து, எழுந்தபோது தண்ணீர் நெஞ்சளவு. கால் முட்டிவரை சேற்றில் மாட்டிக்கொண்டது. உதற உதற உள்ளே இழுத்தது. தண்ணீர் கழுத்துக்கு வந்துவிட்டது. எனக்கு நீச்சலும் தெரியாது. அன்றோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அந்தப் பெண் ஓடி வந்தார். ஆனால் நேராக வரவில்லை. கலங்கிய தண்ணீரில் அடையாளம் எதுவும் கிடையாது. அவர் இடது பக்கம் நாலடி, பிறகு வலது பக்கம் என்று திரும்பித் திரும்பி வந்தார். அவருக்குக் கணுக்காலுக்கு மேல் நனையவில்லை. நம் வீட்டு அடுப்படியில் நாம் நடப்போமே, அப்படி நடந்தார். புல்லுக்கட்டு கட்டுகிற கயிற்றை என் பக்கம் வீசினார்.

"காலை ஒதறாதீங்க. கயித்தக் கையில சுத்திக்கினு என் பக்கமா சாயுங்க."

என்னைவிட ஒல்லியான உடம்பு. எங்கிருந்துதான் அந்தப் பலம் வந்ததோ, இழுத்துப் போட்டுவிட்டார்.

கரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபோது விஷயத்தைச் சொன்னார். கோடையில் நூறு நாள் வேலைக்கு அந்த ஏரியைத் தூர் வாரியது அவரும் அவர் தெருப் பெண்களும்தான். ஆளுக்கொரு குழி. எவ்வளவு ஆழம் தோண்டினார்கள் என்று அதிகாரி அளந்து பார்க்க, குழி நடுவில் கொஞ்சம் மண்ணை வெட்டாமல் மேடாக விட்டிருக்கிறார்கள். பவளக்காலி நின்றது அந்த மேட்டின் மேல். சுற்றிலும் குழி. அவர் நடந்து வந்தது, குழிக்கும் குழிக்கும் நடுவே இருந்த வரப்பின் மேல்.

"நீங்க வுழுந்தது நான் தோண்டன குழிங்க. அதான் எம்மாம் ஆழம்னு தெரியும்" என்றார்.

"அப்போ இன்னொரு தடவை சத்தம் போட்டிருக்கலாமே?"

"நீங்கதான் பேசாதன்னு கையக் காட்டுனீங்க. படிச்சவங்க, தெரிஞ்சிதான் போறீங்கன்னு இருந்துட்டேன்."

அழுதுவிட்டேன். அவர் தன் முந்தானையைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து என் முகத்துச் சேற்றைத் துடைத்துவிட்டார்.

"நூறு நாள் வேலைன்னா மரத்தடியில உட்கார்ந்து கதை பேசிட்டு வர்றதுதானே" என்று எங்கள் ஆசிரியர் அறையில் இன்றும் யாராவது சிரிப்பார்கள். ஒரு காலத்தில் நானும் கூடச் சேர்ந்து சிரித்தவள்தான், இப்போது மட்டும் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை, ஏனென்றால் மண்வெட்டி பிடித்த ஒருத்தி தான் வெட்டிய மண்ணை மறக்காமல் இருந்ததால்தான் நான் உயிரோடு உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.