லோவா 'சரி' சொன்ன குளிர்காலம்

எங்கள் துறைமுகத்தில் மீன் எடை போடுகிறவள் வால்போர்க். படகிலிருந்து இறங்கும் மீன் அவளுடைய தராசில் ஏறி இறங்காமல் ஊருக்குள் போகாது. படகுக்காரர்கள் முரட்டு ஆட்கள்தான், ஆனாலும் தராசு ஒரு எண்ணைக் காட்டிவிட்டால் கப்சிப். நாள் முழுக்க மறுபேச்சே இல்லாத வேலை பார்க்கிறவளுக்கு நாக்கு அரிக்காதா? அந்த அரிப்பை அவள் தீர்த்துக்கொண்டது காலையில், வேலைக்குப் போகும் முன், ஊர் நீச்சல்குளத்தின் வெந்நீர்த் தொட்டியில். பூமிக்கடியிலிருந்து தானாகச் சுட்டு வரும் வெந்நீர் அது; வீட்டுக் குழாய்க்கும் வீட்டைச் சூடாக்கும் ஹீட்டருக்கும் வருவதும் அதுதான்.

வெளியில் பனி கொட்டினாலும் சரி, புயல் அடித்தாலும் சரி, கம்பளித் தொப்பியை மாட்டிக்கொண்டு கழுத்தளவு வெந்நீரில் வந்து உட்காரும் கூட்டம் ஒன்று எங்கள் ஊரில் உண்டு. அவரவர் இடம் அவரவருக்கு. வால்போர்க்கின் இடம் படிக்கட்டுக்குப் பக்கத்தில். அவளை ஒட்டி லோவா, பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. எதிரில் கெய்ர், கடலை விட்டு ஓய்வெடுத்துக்கொண்ட பழைய மாலுமி. கேள்வி கொண்டுவருவது வால்போர்க்கின் பொறுப்பு. யாரும் கொடுத்த பொறுப்பில்லை, அவளாக எடுத்துக்கொண்டது. கேள்வியால் உலகத்துக்குத் துளியும் பிரயோஜனம் இருக்கக் கூடாது, அது ஒன்றுதான் விதி. தேர்தல், விலைவாசி என்று யாராவது ஆரம்பித்தால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஒரு வருஷம் கேட்டாள், "ஆட்டுக்குப் பேச்சு வந்துட்டா, செப்டம்பர்ல அதுங்கள மலையிலேருந்து இறக்கறது சுலபமா, கஷ்டமா?"

பதிலையும் அவளே சொன்னாள். "சுலபந்தான். பனி வருது, கீழ வாங்கன்னு சொன்னா வந்துட்டுப் போகுது. குதிரை எதுக்கு, நாய் எதுக்கு?"

"வந்துடுமா?" என்று லோவா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அக்டோபர்ல கத்தியத் தீட்டி எங்கள என்ன பண்ணப் போறீங்கன்னு கேட்டா என்னடி சொல்லுவ?"

"பொய் சொல்லுவேன்."

"உன் மூஞ்சியப் பார்த்தே கண்டுபிடிச்சுடும்டி. ஆடு உன்ன மாதிரி முட்டாளா?"

இந்தச் சண்டை கிறிஸ்துமஸ் வரைக்கும் நீண்டது. பண்டிகைக்கு முந்தின நாள் ஊரே வழக்கப்படி புளிக்கவைத்த நாற்ற மீனைச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், வால்போர்க் வீட்டுக் கதவைத் தட்டினாள் லோவா. உள்ளே கூட வரவில்லை. "பேசற ஆடு நாளைக்கு ஓட்டுரிமையும் கேக்கும், தெரிஞ்சுக்க!" என்று சொல்லிவிட்டுப் பனியில் திரும்பி நடந்தாள். வால்போர்க்கின் புருஷன் ஹோக்னி அடுப்படியில் நின்று சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. "உங்க ரெண்டு பேரையும் மலையில விட்டா ஆடுங்க தானா இறங்கி ஓடிவரும்" என்றான்.

அப்படித்தான் காலம் ஓடியது. வால்போர்க் கிழக்கு என்றால் லோவா மேற்கு. எந்த நாளும் அவள் 'ஆமாம்' சொன்னதில்லை, வால்போர்க்கும் அதை எதிர்பார்த்ததில்லை.

போன இலையுதிர்காலத்தில் ஹோக்னி, கார் டயரை மாற்றிக்கொண்டிருந்தவன், அப்படியே சாய்ந்து போய்விட்டான். அடக்கம் முடிந்த சில நாளிலேயே வால்போர்க் தொட்டிக்கு வந்துவிட்டாள். வேறென்ன செய்வாள்? வீட்டில் பேச்சுத் துணைக்கு ஹீட்டரின் கடகடப்பைத் தவிர ஒன்றும் இல்லை. தொட்டியிலாவது யாராவது மேலே விழுந்து பிடுங்குவார்கள் என்று நம்பி வந்தாள். வந்து பார்த்தால், எதிரில் ஒரு புது ஆள்.

யோக்குல் என்று பேர். தெற்கே தீவுகளிலிருந்து மீன் உறைய வைக்கும் ஆலைக்கு எலெக்ட்ரீஷியனாக வந்தவன். காதுவரை இழுத்துவிட்ட நீலத் தொப்பி, கடல் இரைச்சலையும் மீறிப் பேசிப் பழகிய தொண்டை. வந்து ஒரு வாரம் கூட ஆகவில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்து கேட்டான்.

"நாளைக்குக் காலையில நம்ம ஊர் பூமிக்கடியிலேருந்து வெந்நீருக்குப் பதிலா கருப்புக் காபி வந்தா? குழாயில காபி, வீட்டு ஹீட்டர்ல காபி, இந்தத் தொட்டியிலயும் காபி. அப்பவும் உள்ள எறங்கறதுக்கு முன்னாடி சோப்புப் போட்டுக் குளிக்கணுமா, வேண்டாமா?"

தொட்டி கொதித்தது என்றுதான் சொல்ல வேண்டும். கெய்ர் எழுந்தே நின்றுவிட்டான். "காபில எறங்கறதுக்கு எதுக்குய்யா குளிக்கணும்? வெளிய வந்தப்புறந்தான் குளிக்கணும்!" "அதேதான், குளிக்கவே வேண்டாம்" என்று யோக்குலும் சேர்ந்துகொண்டான். லோவா அவன் பக்கம் திரும்பித் தண்ணீரை ஓங்கி அடித்தாள். "நீ எறங்கின காபிய நான் குடிக்கணுமா? போய்க் குளிடா நாறப்பயலே!"

கேள்வி நல்ல கேள்வி. அதுதான் வால்போர்க்குக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருஷத்தில் இது நமக்கு ஏன் தோன்றாமல் போயிற்று? நேற்று முளைத்த காளானுக்குத் தோன்றியிருக்கிறதே! சரி, இறங்கிப் பார்த்துவிடுவோம் என்று, "குளிச்சுத்தான் ஆகணும்" என்றாள். சொல்லிவிட்டு லோவா பக்கம் திரும்பி, அடி விழுவதற்காகக் காத்திருந்தாள்.

"நீ சொல்றது சரிதான்" என்றாள் லோவா. மெதுவாகச் சொல்லிவிட்டு, யோக்குல் பக்கம் திரும்பி மறுபடி கத்தினாள்.

மறுநாள் வால்போர்க் வேண்டுமென்றே கட்சி மாறினாள். "யோசிச்சுப் பார்த்தேன். குளிக்கவே வேண்டாம். காபில சோப்பு வாசனை வந்தா யாரு குடிப்பா?" லோவா அவள் கையை லேசாகத் தட்டிக்கொடுத்து, "அதுவும் சரிதான்" என்றாள். பிறகு யோக்குலிடம், "குளிக்காம மட்டும் எறங்கிப் பாரு, காலை ஒடிக்கிறேன்!" என்று பாய்ந்தாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க இதே கதை. வால்போர்க் எதைச் சொன்னாலும் 'சரிதான்'. காபிக் கேள்வியோ அடங்கவே இல்லை. ஆலையில், ரொட்டிக் கடையில், எடை மேடையில் கூட இரண்டு கட்சி. வால்போர்க் கொண்டுவந்த கேள்விகள் தொட்டியில் போட்ட கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தன. லோவாவுக்கு முகம் சிவப்பது அந்தத் தெற்கத்திக்காரனோடுதான், தொண்டை கட்டுவது அவனோடுதான். அடுத்த வீட்டுக் கல்யாணத்தை ஜன்னல் வழியே பார்க்கிறவள் மாதிரி வால்போர்க் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தாள். 'என்னத்தைக் கண்டா அவன்கிட்ட? நான் என்ன செத்தா போயிட்டேன்?' என்று காரை ஓட்டிக்கொண்டே உரக்கக் கேட்பாள். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு சண்டை. அதைப் பிடுங்கிக்கொண்டவன் ஊரை விட்டு ஒழிந்தால் தேவலை என்று இருந்தது.

பொறாமை வந்தால் புத்தி எங்கே நிற்கும்? ஒருநாள் குளத்தின் கண்ணாடி அறையில் காவலுக்கு இருக்கும் ஸ்வாவாவிடம் போய்ச் சொன்னாள். "அந்தத் தெற்கத்திக்காரன் குளிக்காம எறங்கறான்."

எங்கள் நாட்டில் ஒருவனைத் திருடன் என்று சொல்லலாம், குடிகாரன் என்று சொல்லலாம், அவன் சிரித்துவிட்டுப் போவான். உடுப்பையெல்லாம் களைந்து, சோப்புப் போட்டுக் குளிக்காமல் குளத்தில் இறங்குகிறவன் என்று சொன்னால் அவனுக்கு ஊரில் உட்கார இடம் இருக்காது. ஸ்வாவா கோட்டை மாட்டிக்கொண்டு நேரே தொட்டிக்கு வந்தாள்.

"யோக்குல், நீ குளிக்காம எறங்கறேன்னு புகார் வந்திருக்கு."

யோக்குலின் முகம் வெளுத்துப் போனது. எப்போதும் கத்துகிறவன் மெதுவாகக் கேட்டான். "யாரு சொன்னா?"

ஸ்வாவாவுக்கு ஒளிக்கத் தெரியாது. கண் தானாக வால்போர்க் மேல் போய் நின்றது.

கெய்ர் மோவாயைத் தடவினான். "ஆம்பளைங்க குளிக்கிற இடம் அந்தக் கோடியில. பொம்பளைங்க குளிக்கிற இடம் இந்தக் கோடியில. நடுவுல ரெண்டு சுவரு. நீ எப்படிம்மா பார்த்த?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வால்போர்க்குக்குக் காது சுட்டது. அங்கேயே வாயை மூடியிருந்தால் தப்பித்திருப்பாள். "உள்ள போய்ப் பார்க்கணுமா என்ன? தொப்பிக்கு வெளிய தெரிஞ்ச முடி காஞ்சு கிடந்துச்சு!"

யோக்குல் தொப்பியைக் கழற்றினான். கழுவி வைத்த உருளைக்கிழங்கு மாதிரி தலை பளபளத்தது. மருந்துக்குக் கூட ஒரு முடி இல்லை.

சிரிப்பு வெடித்தது. லோவா மட்டும் சிரிக்கவில்லை. வால்போர்க்கை ஒரு தரம் பார்த்தாள், அவ்வளவுதான். வால்போர்க் எழுந்து, பனியில் வெறுங்காலோடு ஓட்டமும் நடையுமாக உள்ளே போனாள்.

குளிக்கும் அறையில் சுவர்ப் பக்கம் திரும்பி, தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றாள். பின்னாலேயே வந்துவிட்டாள் லோவா.

"ஏன்டி இப்படிப் பண்ணின? அந்த ஆளு உனக்கு என்ன கெடுதல் பண்ணினான்?"

"உன்ன எடுத்துக்கிட்டான்."

"என்னது?"

"நீ என்கூடச் சண்டையே போடறதில்ல!" வால்போர்க் திரும்பிவிட்டாள். கண்ணீரா தண்ணீரா என்று தெரியாத முகம். "எத சொன்னாலும் சரிதான், சரிதான். கத்தறது எல்லாம் அவன்கூட. நான் கேட்டேனா உன்கிட்ட சரி? எனக்கு எதுக்குடி உன் சரி?"

லோவாவின் குரல் இறங்கியிருந்தது. "ஹோக்னி அடக்கத்தன்னிக்கு நீ நின்ன நிலையப் பார்த்தேன். புருஷனப் பறிகொடுத்தவகிட்ட எப்படிடி சண்டை போடறது? ஒவ்வொரு நாளும் பல்லக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். நீ கட்சி மாறினப்பக்கூட, நாக்க எவ்வளவு அடக்கினேன் தெரியுமா? அடக்கினத எல்லாம் அந்தப் பாவி மேலதான் கொட்டினேன்."

தனக்காகத்தானா இத்தனையும் என்று வால்போர்க்குக்கு அப்போதுதான் உறைத்தது.

"செத்தது அவன்டி" என்றாள். "நான் இல்ல."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. லோவா மூக்கை உறிஞ்சினாள். பிறகு வால்போர்க்கின் தோளில் பளாரென்று ஒரு அடி வைத்தாள். "அப்படின்னா மொதல்ல போய் அவன்கிட்ட மன்னிப்புக் கேளு. வெக்கங்கெட்டவளே. குளிக்கலன்னு சொல்லிட்டாளாம், குளிக்கலன்னு!"

இருவரும் மறுபடி வெளியே வந்தார்கள். வால்போர்க் தொட்டிக்குள் இறங்காமல் விளிம்பிலேயே நின்றாள். நீச்சல் உடுப்பில், தோளில் பனி விழ, பல் கிடுகிடுக்கச் சொன்னாள். "யோக்குல், நான் சொன்னது பொய். உன்மேல பொறாமைல சொல்லிட்டேன். மன்னிச்சுடு. ஸ்வாவாகிட்டயும் சொல்லிட்டுத்தான் வேலைக்குப் போவேன்."

யோக்குல் தொப்பியைக் கையில் வைத்துப் பிழிந்துகொண்டிருந்தான். "ராத்திரியெல்லாம் தூக்கம் வந்திருக்காது எனக்கு, நீ இப்ப வராம இருந்திருந்தா" என்றான். பிறகு வாய் ஓரத்தில் சிரிப்பு எட்டிப்பார்த்தது. "ஆனா தாயே, எனக்கு முடி இருக்குன்னு நம்பின ஆளு இந்த நாட்டிலேயே நீ ஒருத்திதான். அதுக்காகவே உன்ன விடறேன். உள்ள எறங்கு, விறைச்சுப் போயிடுவ."

அவள் இறங்கித் தன் இடத்தில் உட்கார்ந்தாள். லோவா பக்கத்தில் உட்கார்ந்தாள். கெய்ர் தொண்டையைச் செருமினான். "காபி விஷயத்துல நீ எந்தக் கட்சின்னே இன்னும் எனக்குத் தெரியல வால்போர்க். இன்னிக்குச் சொல்லிடு. குளிக்கணுமா, வேண்டாமா?"

வால்போர்க் கொஞ்சம் யோசித்தாள். "குளிக்கணும்" என்றாள். "கண்டிப்பாக் குளிக்கணும்."

குளிர்காலம் முழுக்க, தொண்டை கட்டும் வரை, குளித்தே ஆக வேண்டும் என்று கத்தியவள் லோவா. அவள் தண்ணீரை ஓங்கி அடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"குளிக்கணுமா? பைத்தியமாடி உனக்கு? காபிக்குள்ள எறங்கறதுக்கு எவளாவது குளிப்பாளா?"

கெய்ர் வாயைப் பிளந்தான். யோக்குல், "ஏய், நேத்து வரைக்கும் நீதானே" என்று ஆரம்பித்தான். "நீ சும்மா இருய்யா" என்று ஒரே குரலில் அவன் வாயை அடைத்துவிட்டு, இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக் கத்தத் தொடங்கினார்கள். அன்றைக்கு மீன் படகு கரைக்கு வந்து வெகுநேரம் ஆகியும் எடை மேடையில் ஆள் இல்லை.