இரண்டாவது சாவி

காலை ஆறரைக்குப் பாயான் பாருவுக்குப் போகும் தொழிற்சாலை பஸ் வந்துவிடும். அதற்குள் அம்மாவுக்குப் பசியாற ஊட்டி, மாத்திரை கொடுத்து, கிரில் கதவை வெளியிலிருந்து பூட்டிவிட்டுக் கிளம்புவேன். பெற்ற தாயைப் பூட்டி வைக்கிறவள் என்று என்னைச் சொல்லலாம். சொன்னவர்களும் இருக்கிறார்கள். அம்மாவுக்கு மறதி நோய். பூட்டாமல் போன ஒரு நாள் ஜெலுத்தோங் சாலை நடுவில் நைட்டியோடு நின்று, வருகிற மோட்டார் சைக்கிளை எல்லாம் மறித்து, தன் வீடு எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் பூட்டு வாங்கினேன்.

பூட்டின் இரண்டாவது சாவி எதிர்வீட்டுச் சீன அக்காவிடம் இருந்தது. பதினோராவது மாடியில் எங்களுக்கென்று இருந்த ஒரே ஆள் அவர்தான். மத்தியானம் கதவைத் திறந்து, அம்மா சாப்பிட்டாளா என்று பார்ப்பார். இருவருக்கும் மலாய் அரைகுறை. ஆனாலும் மணிக்கணக்காகப் பேசுவார்கள். பிறகு அவருடைய மகன் அவரை ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துக்கொண்டான். போகிற அன்று சாவியை என் கையில் வைத்துவிட்டு அழுதார். நானும் அழுதேன். அந்த வீட்டை இப்போது சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுகிறார்கள். வருகிறவர்களின் முகம் எனக்குத் தெரியாது, பெட்டி உருட்டும் சத்தம் மட்டும் தெரியும்.

சாவியை யாரிடமாவது கொடுத்தாக வேண்டும். தீப்பிடித்தால், அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தால், திறக்க ஒருவர் வேண்டாமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடி முழுக்கப் போய்க் கதவைத் தட்டினேன். பாதிக் கதவுகள் திறக்கவே இல்லை. உள்ளே டிவி ஓடுகிறது, வெளியே செருப்புகள் கிடக்கின்றன, ஆனால் வீட்டில் யாரும் இல்லையாம்! ஒரு வீட்டில் வெளிநாட்டுத் தொழிலாளிகள் ஒன்பது பேர். ஏதாவது நடந்தால் முதலில் எங்களைத்தான் பிடிப்பார்கள் என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார்கள். அது உண்மைதான்.

மூலை வீட்டில் இருப்பது தமிழ்க் குடும்பம். கோயிலில் பார்த்தால் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் பேசுவாள் அந்தப் பெண். அவளைத்தான் மலைபோல நம்பிப் போனேன்.

"தப்பா நெனக்காதீங்க லா, அக்கா. சாவி எங்ககிட்ட இருந்து, நாளைக்கு நகை ஏதும் காணோம்னா?"

"எங்க வீட்டுல ஏதும்மா நகை?"

"அதுக்கில்லக்கா. அம்மாவுக்கு ஒண்ணுன்னா, ஏன் போய்ப் பாக்கலன்னு எங்களத்தானே கேப்பீங்க? வேணாம் லா. வீட்டுக்காரர் ஏசுவாரு."

"ஒனக்கும் ஒரு நாள் வயசாகும்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அவள் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் என் எரிச்சலுக்குக் காரணம். ஏதாவது நடந்திருந்தால் நான் கேட்டிருப்பேன். சண்டைக்கே போயிருப்பேன்.

எங்கள் கட்டடத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதிலும் கேட்டேன். இரண்டு பேர் கும்பிடும் கையைப் போட்டார்கள். அதற்குக் கீழே, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று ஒருவர் கேட்டார். அத்தோடு சரி. அதன் பிறகு இரண்டு சாவியையும் என் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அம்மா பகல் முழுக்கக் கிரில்லை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். வெளியே போகிறவர் யாராக இருந்தாலும், "கொஞ்சம் தொறந்து விடுங்க" என்று கூப்பிடுவாள். திறக்க அவர்களிடம் சாவி ஏது?

ஒரு நாள் தொழிற்சாலையில் ஓய்வு நேரத்தில் கைப்பேசியைத் திறந்தால் குழுவில் அம்மா. யாரோ எங்கள் வாசலில் நின்று வீடியோ எடுத்துப் போட்டிருந்தார்கள். அம்மா இரண்டு கையாலும் கிரில்லை உலுக்குகிறாள். பிறகு ஒரு கையை வெளியே நீட்டி, "வந்துட்டியாம்மா?" என்கிறாள். எடுத்தவரை நான் என்று நினைத்திருக்கிறாள். கை கைப்பேசியைத் தொடப் போகிறது, படம் சட்டென்று பின்னால் நகர்கிறது. பிள்ளைகள் பயப்படுகிறார்கள், உங்கள் அம்மாவைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கீழே எழுதியிருந்தது. இந்த முறை நிறைய பேர் பதில் போட்டிருந்தார்கள். மூலை வீட்டுக்காரியும்தான்.

எனக்கு வந்த கோபத்தில் நாலு பக்கம் எழுதி, எல்லாவற்றையும் அழித்துவிட்டு, மன்னிக்கவும் என்று மட்டும் அனுப்பினேன்.

மறுநாள் காலை கிரில்லுக்கு உள்ளே இருக்கும் மரக்கதவையும் சாத்திப் பூட்டினேன். குழுவில் அதற்குப் பிறகு புகார் வரவில்லை. நல்ல கனமான கதவு, உள்ளே என்ன கத்தினாலும் வெளியே கேட்காது. சாயங்காலம் நான் திறக்கும்போது அம்மா கதவுக்கு நேராகவே உட்கார்ந்திருக்கிறாள். தினமும் அவள் குரல் கம்மிப் போயிருக்கிறது.