எல்லா டிவிக்கும் ஒரே ரிமோட்

பக்கவாதத்தில் அப்பாவுக்குப் பேச்சு போன பிறகு டிவியின் சத்தம்தான் அவருக்குக் குரல். தண்ணீர் வேண்டுமென்றாலும், புரண்டு படுக்க வேண்டுமென்றாலும், ஒன்றுக்கு வந்தாலும் இடது கையால் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டுவார். அம்மா எங்கிருந்தாலும் ஓடி வருவாள். இந்த ஏற்பாட்டை யாரும் உட்கார்ந்து யோசித்துச் செய்யவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த புதிதில் ஒரு நாள் டிவி திடீரென்று அலறியது. அம்மா திட்டிக்கொண்டே வந்து பார்த்தால், அவர் கண்ணால் தண்ணீர்ச் செம்பைக் காட்டினார். அன்றிலிருந்து அப்படியே ஆகிவிட்டது.

மணி ஒன்றும் வாங்கி வைத்துப் பார்த்தோம். அப்பா தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். உள் அறையில் முதலாளி மேசை மணியைத் தட்டினால் எழுதுவதை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போக வேண்டும். ஆயுசு முழுக்க மணிச் சத்தத்துக்கு எழுந்து போன மனிதர், தன் பெண்டாட்டியை மணியடித்துக் கூப்பிடச் சம்மதிக்கவில்லை. எடுத்து வைக்க வைக்க முழங்கையால் கட்டிலிலிருந்து தள்ளிக்கொண்டே இருந்தார். கடைசியில் மணியைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டோம்.

நான் கயத்தாறில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் கோவில்பட்டியில் பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வீடு. சம்பளம் வாங்குகிற ஆள் வீட்டில் நான் ஒருத்திதான். அதோடு பிறவியிலேயே பதறுகிற ஆள். கேஸை அணைத்தோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வருகிற ரகம். அப்படிப்பட்டவளுக்கு, அப்பாவை ஒரு ரிமோட்டை நம்பி விட்டுவிட்டுப் போவது எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததுமே மூத்திர வாடை அடித்தது. அப்பா நனைந்த வேட்டியோடு கிடந்தார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். அம்மா என் பின்னாலேயே ஓடி வந்து, “அவிய அமுக்கவே இல்லட்டி. சத்தமே வரல” என்றாள். ரிமோட்டை எடுத்து அமுக்கிப் பார்த்தேன், டிவி கத்தியது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அவமானத்தில் மூடுகிறார் என்று நினைத்தேன்.

ரிமோட்டின் பின்மூடி என்றைக்கோ உடைந்துபோய் ரப்பர் பேண்டு போட்டுத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரி ஆடியிருக்கும் என்று முடிவு செய்து புதுப் பேட்டரி போட்டு இறுக்கிக் கட்டினேன். மறுபடியும் அதே கதை நடந்தது. அம்மாவும் அதே பதிலைச் சொன்னாள். இனி அந்த ரிமோட்டை வைத்துக்கொண்டு ஒரு நாள்கூடத் தள்ள முடியாது என்று பஜாருக்குப் போனேன்.

எங்கள் டிவி பழைய மாடல், அதன் ரிமோட் இப்போது வருவதில்லை என்றார் கடைக்காரர். அப்போதுதான் எல்லாவற்றுக்கும் பொதுவான ரிமோட்டுகள் கடை கடையாகத் தொங்க ஆரம்பித்திருந்தன. கண்ணாடி மேசைமேல் ஒரு குவியலைக் கொட்டினார். டிவிக்கும் ஆகும், வீடியோ டெக்குக்கும் ஆகும், சிடி பிளேயருக்கும் ஆகும், எந்தக் கம்பெனியாக இருந்தாலும் பிடிக்கும் என்று அடுக்கினார். எனக்கு வேண்டியதோ ஒரே ஒரு பட்டன். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றையும் இடது கையில் பிடித்து, கட்டைவிரலை மட்டும் நகர்த்திச் சத்தம் கூட்டும் பட்டன் எட்டுகிறதா என்று பார்த்தேன். சிலது கைக்குள் நழுவியது. சிலது செங்கல் கனம். ஒன்று எல்லாவிதத்திலும் நன்றாக இருந்தது, ஆனால் அணைக்கிற பட்டன் சத்தப் பட்டனுக்கு ஒட்டி இருந்தது. விரல் கொஞ்சம் பிசகினால் டிவியே அணைந்துவிடும், அப்பாவும் வாயடைத்துப் போவார். அதைத் தள்ளி வைத்தேன். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “டிவி பாக்கத்தானம்மா வாங்குதீங்க?” என்று கேட்டார்.

“இல்ல அண்ணாச்சி. எங்கப்பா எங்களக் கூப்பிடுததுக்கு” என்றேன்.

அவர் முழு விவரத்தையும் கேட்டுக்கொண்டார். பிறகு தானும் கண்ணை மூடிக்கொண்டு இடது கையால் தடவிப் பார்க்க ஆரம்பித்தார். பக்கத்தில் டார்ச் லைட் வாங்க வந்தவர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போய்விட்டார். கடைசியில் சத்தப் பட்டன் மேடாகவும், அணைக்கிற பட்டன் மேல்மூலையில் தனியாகவும் இருக்கிற ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தேன்.

வாங்கி வந்தால் மட்டும் போதாது, அதற்கும் டிவிக்கும் பழக்கம் பண்ணி வைக்க வேண்டும். கூட வந்த தாளில் இருந்த எண்களைப் போட்டுப் பார்த்தேன், டிவி அசையவில்லை. மிச்சமிருந்த வழி, அது தானாகவே தேடுவது. ஒரு பட்டனைச் சிவப்பு விளக்கு நிலையாக எரியும்வரை அழுத்திப் பிடித்து, பிறகு அணைக்கிற பட்டனில் விரலை வைத்து டிவிக்கு நேராகக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அது ஒவ்வொரு எண்ணாக அனுப்பிப் பார்க்கும். டிவி அணைந்த நொடியில் விரலை எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் அந்த எண்ணைத் தாண்டிப் போய்விடும், மறுபடியும் முதலிலிருந்து. நான் தாமதித்தேன். மறுபடியும் தாமதித்தேன். அப்பா கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒருவழியாக டிவி அணைந்து நானும் விரலை எடுத்தேன். ஒரு டிவி அணைந்ததற்கு யாரும் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள்.

அதோடும் என் பயம் தீரவில்லை. டிவிக்கு ஒன்று, டெக்குக்கு ஒன்று என்று மேலே ஒரு வரிசைப் பட்டன்கள் இருந்தன. அப்பாவின் விரல் தெரியாமல் டெக் பட்டனில் பட்டால், ரிமோட் எங்களிடம் இல்லாத டெக்குடன் பேசப் போய்விடும், டிவியை மறந்துவிடும். ஆஸ்பத்திரியில் மிஞ்சிய பிளாஸ்திரியை வெட்டி, சத்தப் பட்டன்களைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒட்டி மூடினேன். ரிமோட்டும் அடிபட்ட ஆள் மாதிரி ஆகிவிட்டது. அப்பா வாங்கிப் பார்த்து அமுக்கினார். டிவி அலறியது. பக்கத்திலேயே நின்ற அம்மா, “இந்தா, வந்துட்டேன்” என்றாள். அப்பா பாதி முகத்தால் சிரித்தார்.

நாலு நாள் நிம்மதியாகப் போனது. பிறகு பழைய பயம் வந்து ஒட்டிக்கொண்டது. மத்தியானம் ஆபீஸிலிருந்து வீட்டுக்குப் போன் செய்வேன். மணி அடித்துக்கொண்டே இருக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள். அப்பா விழுந்துவிட்டாரோ, அம்மா மயங்கிவிட்டாளோ, இரண்டு பேருமே இல்லையோ என்று மனசு எங்கெங்கோ போகும். அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடி வந்தால், அம்மா சாவதானமாக, “பொறவாசல்ல இருந்தேன்ட்டி” என்பாள். கரண்ட் போகிற நேரம்தான் எனக்கு ஆறுதல். டிவி ஓடாது என்பதால் அம்மா விசிறியோடு அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவாள். ஊரே மின்சாரத்துறையைத் திட்டும்போது, இன்னும் கொஞ்சம் நேரம் வராமல் இருக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன்.

மறுபடியும் ஒரு நாள் அப்பா நனைந்து கிடந்தார். அம்மா சொன்னதும் மாறவில்லை: சத்தமே வரல. ரிமோட் புதுசு, பேட்டரி புதுசு. அப்படியானால் கோளாறு டிவியில்தான் என்று முடிவு கட்டினேன். எங்கள் ஊர்க் காற்றில் கரிசல் புழுதி எதையும் விட்டுவைக்காது. டிவியின் கீழே ரிமோட் வெளிச்சத்தை வாங்குகிற சின்னக் கண்ணில் கருப்பாக அப்பியிருந்தது. துடைத்தேன். மேற்கு ஜன்னல் வழியாக வெயில் நேராக அந்தக் கண்ணில் விழுவதையும் பார்த்தேன். வெயில் பட்டால் ரிமோட் மந்தமாகும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது. பிடிபட்டுவிட்டது என்று கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலைச் சாத்தி, காற்றில் திறந்துவிடாமல் கயிறு போட்டுக் கட்டினேன்.

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் எழுப்பி இடது கையால் கட்டில் சட்டத்தை அடித்தார். புழுக்கமாக இருக்கும் என்று ஃபேனை அவர் பக்கம் இழுத்து வைத்தேன். அவர் ரிமோட்டை எடுத்து, என் முகத்தையே பார்த்துக்கொண்டு சத்தத்தைக் கூட்டினார். கூட்டிக்கொண்டே போனார். டிவி கூரையைப் பிய்த்தது. நான் அவர் காதருகே குனிந்து, “நல்லா வேல செய்யுதுப்பா, பயப்படாதீங்க” என்றேன். அவர் ரிமோட்டை மெத்தையில் போட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் ரொம்ப மோசம். அநேகமாகத் தினமும் நனைந்து கிடந்தார். இடுப்பில் தோல் சிவந்து புண்ணாகத் தொடங்கியது. மருந்து போட்டேன். வேலையை விட்டுவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவள் கோபப்பட்டாள். அப்புறம் மூன்று பேரும் மண்ணைத் தின்பதா என்று கேட்டாள். வேறு ரிமோட் வாங்கிப் பார் என்றாள்.

அந்த வாரக் கடைசியில் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது எங்கள் தெருமுனையில் எதிர்வீட்டு அக்கா நின்றிருந்தாள். தெருக்குழாயில் குடம் வைத்த சண்டையில் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்று ரொம்ப நாளாகியிருந்தது. குறுகலான தெரு, அவளுடைய முன்னறை எங்கள் மேற்கு ஜன்னலுக்கு நேர் எதிரே. பகல் முழுக்க அங்கே உட்கார்ந்து டிவியை ஓடவிட்டுத் தீப்பெட்டி ஒட்டுவாள். வழியை மறித்தாள். சரி, வாய்ச்சண்டைக்குத்தான் என்று நானும் தயாரானேன்.

“அந்த ஜன்னல எதுக்கு அடச்சு வச்சிருக்க?” என்றாள்.

எங்கள் வீட்டு ஜன்னலைக் கேட்க இவள் யார் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் அவளே சொல்ல ஆரம்பித்தாள். கொஞ்ச நாளாக மத்தியான நேரத்தில் அவள் வீட்டு டிவியின் சத்தம் தானாகக் கூடியதாம். டிவி கெட்டுவிட்டது என்று நினைத்திருக்கிறாள். ஒரு நாள் நிமிர்ந்து பார்த்தபோது எங்கள் ஜன்னல் வழியாக அப்பாவின் கையும் அதில் ரிமோட்டும் தெரிந்திருக்கின்றன. எங்கள் டிவிக்கு நான் பிடித்து வைத்த எண் அவளுடைய டிவிக்கும் பொருந்தியிருக்கிறது. வேண்டுமென்றே சீண்டுகிறோம் என்று சண்டை போட வந்திருக்கிறாள். எங்கள் டிவி அலறிக்கொண்டிருக்க, அப்பா கட்டிலின் ஓரத்துக்குச் சரிந்து விழப்போகிற நிலையில் இருந்திருக்கிறார். அவரைத் தூக்கிப் படுக்க வைத்துவிட்டு, அம்மாவைத் தேடிப் பின்பக்கம் போயிருக்கிறாள். அம்மா முதுகைக் காட்டி உட்கார்ந்து நிதானமாக உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாளாம். இவள் கத்திக் கூப்பிட்டும் திரும்பவில்லை.

“தோளத் தொட்ட பொறவுதான் திரும்புனா. உங்கம்மைக்குச் சுத்தமாக் காது கேக்கலம்மா. ஒங்கிட்டச் சொல்லிரக் கூடாதுன்னு கையப் பிடிச்சுக்கிட்டா. நீ வேலைய விட்டுருவியாம்.”

அவள் சொல்லிக்கொண்டே போனாள். அதற்குப் பிறகு, அவள் வீட்டில் இருக்கிற நேரத்தில் தன் டிவி சத்தம் கூடினால் பசைக் கையோடு எழுந்து எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மாவின் தோளைத் தட்டிவிட்டுப் போய்விடுவாளாம். அந்த ஒரு நாளைத் தவிர இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. குழாய்ச் சண்டை இன்னும் முடியவில்லை பார்த்துக்கொள் என்பதையும் மறக்காமல் சொன்னாள்.

“மொதல்ல தெரியாமப் பட்டுச்சு. பொறவு அவிய எங்க டிவியப் பாத்துத்தான் அமுக்குனாவ. இப்ப ஒரு வாரமா ஒண்ணும் வரல. என்னமோ ஏதோன்னு இருந்துச்சு, அதான் கேட்டேன்.”

ஜன்னலைச் சாத்திய அன்று அப்பா கட்டிலை அடித்தது கண்முன் வந்து நின்றது. உங்களுக்குத் தொந்தரவில்லாமல் இன்றைக்கே வேறு எண்ணுக்கு மாற்றிவிடுகிறேன் என்று உளறினேன்.

“அத மாத்திராத. ஜன்னலத் தொறந்து வையி, போதும்” என்று சொல்லிவிட்டு அவள் தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

வீட்டுக்குள் போனதும் முதலில் கயிற்றை அவிழ்த்தேன். அப்பா என்னையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார். அடுப்படியில் அம்மா எனக்கு முதுகைக் காட்டிக் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டேன். அரிவாள்மணையில் கத்தரிக்காய் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. எனக்குப் பின்னாலிருந்து அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார், முழுசாக. அம்மா அடுத்த காயை எடுத்தாள்.

போய்த் தோளைத் தொட்டேன். திடுக்கிட்டுத் திரும்பியவள் என் முகத்தைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் திறந்து கிடந்த ஜன்னலைப் பார்த்தாள். எழுந்து அறைவாசல் வரை வந்து, அப்பாவின் கையில் ரிமோட் இருப்பதையும் அவர் விரல் இன்னும் அமுக்கிக்கொண்டிருப்பதையும் பார்த்தாள்.

“இப்பமும் கூப்பிடுதாவளாட்டி?” என்று கேட்டாள்.